மின்சாரம் கேட்டுவரப் போனவர்

எங்கள் பக்கத்தில் யாரிடம் வழி கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். கேள்விப்படாத ஊருக்கும் கை ஏதோ ஒரு திசையில் நீளும். வைத்தியம், வழக்கு, மழை எதுவானாலும் அப்படித்தான். நான் அறிந்தவரையில் ஒரே ஒருவர்தான் தெரியாததைத் தெரியாது என்று எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவர். தலையைச் சொறியமாட்டார். மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிக்கமாட்டார். மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொல்வார்: "தெரியாதுங்க."

அவருக்கு நான் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இதை இன்னும் தள்ளிப்போட எனக்கு நியாயம் எதுவும் இல்லை.

கச்சிராயபாளையம் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய மண், நீர் பரிசோதனை நிலையம் இருந்தது. நான் வேதியியலில் முதுகலை படித்தவன். அதற்குப் பொறுப்பாளராக இருந்தேன். அவர் தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்பது பதினோரு ஆண்டுகளாக நீடித்தது. விவசாயிகள் பையில் கட்டிக்கொண்டு வரும் மண்ணை வாங்கி, உலர்த்தி, சலித்து, கரைத்து, கருவியில் வைத்து அளவெடுப்பது அவர் வேலை. கருவி ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரையும் அவரே பார்த்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றிப் பார்த்தும், ஆங்கிலத்தை விரல் வைத்து மெல்லப் படித்தும் கற்றுக்கொண்டது. சந்தேகம் வந்தால் பழைய மண் பைகளின் சீட்டுக்குப் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். விடை கிடைத்ததும் கோடு போட்டு அடிப்பார். சில சீட்டுகள் மாதக்கணக்கில் அடிக்கப்படாமலே பையில் கிடந்து வியர்வையில் ஊறும்.

என்னைவிடப் பதினாறு வயது இளையவர். அந்தக் காலத்தில் அவரை நான் நீ என்றுதான் கூப்பிட்டேன். வெளியே பேசும்போது அவன் என்றேன். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. இதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

அவர் மனைவி கூலி வேலைக்குப் போகிறவர். பெரும்பாலும் என் அண்ணன் கரும்புத் தோட்டத்துக்கு. ஆகவே, நிலையத்தில் அவர் என் கீழே. ஊரில் அவர் குடும்பம் எங்கள் குடும்பத்தின் கீழே. இதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

நிலையத்துக்கு எதிரில் இருந்த டீக்கடைக்காரர் அவருக்கு 'தெரியாது' என்றே பெயர் வைத்துவிட்டார். "இன்னா தெரியாது, டீயா காப்பியா? அதாச்சும் தெரியுமா?" என்பார். இவர் கோபப்படமாட்டார். "டீதாங்க. சக்கரை கம்மியா" என்பார். அந்தப் பெயரை நிலையத்துக்குள் கொண்டுவந்தவன் நான். விருந்தினர் யாராவது வந்தால் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி வேடிக்கை காட்டுவேன். "நாளைக்குச் சூரியன் உதிக்குமாப்பா?" என்று ஒரு முறை கேட்டேன். அவர் கேள்வியை மதித்து ஒரு கணம் யோசித்தார். பிறகு, "உதிக்கும்னுதாங்க நெனைக்கறேன்" என்றார். வந்திருந்தவர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கேள்வியைப் போட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொரு முறையும் யோசித்துவிட்டே பதில் சொன்னார்.

சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு மரவள்ளி விவசாயி மண் கொண்டுவந்தார். சாம்பல் சத்து முதல் முறை ஓர் அளவு காட்டியது, மறுமுறை பாதிதான் காட்டியது. இவர் அறிக்கையில் அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை, மீண்டும் மண் கொண்டுவரவும்' என்று எழுதி என் கையெழுத்துக்கு வைத்தார். அச்சடித்த அறிக்கையில் அப்படி எழுதுகிறவன் உண்டா என்று கத்தினேன். பக்கத்து நிலத்து அளவைப் பார்த்து எழுதச் சொன்னேன். அவர் மற்றக் கட்டங்களை அழகாக நிரப்பி, அந்த ஒன்றை வெறுமையாக விட்டுத் தாளை மறுபடி வைத்தார். நானே ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மரவள்ளிக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் மனம் அவர்மேல் கசந்தது எப்போது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். வெள்ளிமலையிலிருந்து ஒரு பெரியவர் கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸில் மலை இறங்கி வந்தவர். தண்ணீரை அளந்து பார்த்தோம். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தன. பிள்ளைகள் குடிக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். பெரியவர் என்னைக் கும்பிட்டுவிட்டுக் கேனைத் தூக்கினார். அப்போது இவர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்.

"குடிக்கலாமான்னு தெரியாதுங்க. நாம பயிருக்குத்தான் பாத்தோம். கிருமி இருக்குதான்னு இங்க பாக்கறதில்ல. கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கினு போய்ப் பாருங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். வேறென்ன செய்ய முடியும். பெரியவர் கேனோடு மறுபடி பஸ் ஏறப் போனார். இவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அதனால்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும் கோளாறு அந்த ஆண்டு தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு முறை. அணைத்துப் போட்டால் ஓடும். ஆனால் எடுத்த அளவு போய்விடும். மதர்போர்டில் பயாஸ் என்று ஒரு சிறிய நிரல் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொண்டு மற்ற பாகங்களை எழுப்புவது அதுதான். அதன் புதிய பதிப்பை ஏற்றினால் இந்த மாதிரிக் கோளாறுகள் தீரும் என்று யாரோ ஒருவர் பேசிய வீடியோவை இணையத்தில் பார்த்தேன். மறுநாளே அவரைக் கூப்பிட்டு அதைச் செய்யச் சொன்னேன்.

அவர் உடனே செய்யவில்லை. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். மதர்போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய் அந்தப் புதிய பதிப்பைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். ஒரே ஒரு வரிதான் இருந்ததாம், இயக்கம் சீராகும் என்று. எது சீராகும் என்று இல்லையாம். தேவையில்லாவிட்டால் மாற்றவேண்டாம் என்று கீழே அவர்களே எழுதியிருந்தார்களாம். நமக்குத் தேவையா இல்லையா என்பதுதான் அவர் சீட்டில் எழுதிக்கொண்ட கேள்வி. முதலில் உள்ளே தூசி தட்டினார். மெமரியைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினார். பத்து நாள் உறையவில்லை. தீர்ந்தது என்று நான் நினைத்த அன்று மறுபடி உறைந்தது.

செய்வதா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னேன்.

"ஒரே வார்த்தையில தெரியாதுங்க சார்" என்றார். "உறையறதுக்கு இதுதான் காரணமான்னு தெரியாது. மாத்தினா சரியாவலாம், ஆவாமயும் போவலாம். மாத்திக்கினு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா போர்டே போயிடும். அது மட்டும் தெரியும்."

கடைசியில் மாற்றிப் பார்க்கலாம் என்ற முடிவுக்கு அவரே வந்தார். ஆனால் யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. புதிய பேட்டரி கேட்டு அவர் எழுதிய கடிதம் என் மேசையில் கையெழுத்தாகாமல் ஒரு மாதமாக இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. அவர் கேட்டார் என்பதற்காகவே அதைப் போட்டு வைத்திருந்தேன். பேட்டரி வரட்டும், இல்லையென்றால் கரண்ட் எப்போது நிலையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு செய்வோம் என்றார்.

அவர் எதற்காகக் கரண்டைப்பற்றி இவ்வளவு பயந்தார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரம் எங்கள் பக்கத்தில் அப்போது நாள் முழுக்க வராது. சில மணி நேரம் வரும். ஒரு வாரம் ஒரு நேரம், மறுவாரம் வேறு நேரம். அது வந்த நொடியில் வாய்க்கால் ஓரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். ஆள் இல்லாமலே கிளம்பும்படி கருவி பொருத்தி வைத்திருப்பார்கள். அந்தக் கணத்தில் வீட்டு விளக்குகள் செத்து எழும். கரும்பு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். எங்கள் வீட்டிலும் கரும்பு இருந்தது. ஆனால் மோட்டாரைப் பார்த்துக்கொண்டது வேறு ஆட்கள். எந்த வாரம் எந்த நேரம் என்று நான் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அறக்கட்டளைக் கூட்டம் வைத்திருந்தார்கள். அதில் அவரை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசுவதாக இருந்தது. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த முறை விட்டால் பிறகு எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நிரந்தரமானால் மனைவியைக் கரும்பு வெட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று டீக்கடையில் சொன்னாராம். அதையும் டீக்கடைக்காரர்தான் என்னிடம் வந்து சொன்னார்.

சனிக்கிழமை காலை. நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. பயாஸ் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு முழுத்தாளில் செய்யவேண்டியதை வரிசையாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், சப் ஸ்டேஷன் வரைக்கும் போய் கரண்ட் இன்னிக்கு எப்பிடின்னு கேட்டுக்கினு வந்துடறேன். வந்து ஆரம்பிக்கலாம்."

போன் செய்து கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார்கள், நேரில் போனால்தான் சொல்வார்கள் என்றார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றேன். அவருடைய மொபெட் சத்தம் சாலையில் தேய்ந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததற்குத் திட்டம் எதுவும் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில், கோளாறை நானே சரிசெய்துவிட்டேன் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. போன கூட்டத்தில் தலைவர், "அந்தத் தெரியாது இருக்கிறானே, அவன்தான் எல்லாத்தையும் பாத்துக்கறான் போலருக்கே" என்று சிரித்துக்கொண்டே சொன்னது மனதுக்குள் கிடந்தது. எழுந்து போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப்போல உருண்டையாக இருக்கும். நான்காவது வரியாக, 'கரண்ட் கேட்டுவிட்டுத்தான் இதற்கு மேல்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதைப் படித்தேன். படித்துவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனேன்.

திரை, மாற்றட்டுமா என்று கேட்டது. சம்மதம் கொடுத்தேன். இடையில் அணைக்காதே என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அதன் கீழே ஒரு பட்டை மெல்ல நிறையத் தொடங்கியது. பாதியைத் தாண்டியிருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்று தளர்ந்தது. டியூப்லைட் அணைந்து எரிந்தது. வாய்க்கால் பக்கமிருந்து மோட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. திரை கறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. எத்தனை முறை அழுத்தினேன் என்று நினைவில்லை.

மொபெட் சத்தம் கேட்டதும் எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொண்டேன். எழும்போது அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், கை வைத்தது என்றுதான் சொல்லமுடியும். ஆனால் பிறகு அதை எடுத்துத் திரும்ப வைக்காதது கை அல்ல.

அவர் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். "இந்த வாரம் நேரத்த மாத்திட்டாங்களாம் சார். பதினோரு மணிக்கே வுட்டுடுவாங்களாம். நாம மத்தியானத்துக்கு மேல..." என்றவர் திரையைப் பார்த்து நிறுத்தினார்.

"கரண்ட் போச்சு. செத்துப்போச்சு" என்றேன்.

யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. பென்டிரைவ் செருகியிருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். போர்டிலிருந்த சிறிய வட்ட பேட்டரியை எடுத்து, காத்திருந்து, திரும்பப் போட்டார். தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். மதியம் சாப்பிடவில்லை. மாலையில் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து கணக்கரும் இன்னொருவரும் வேறு வேலையாக வந்தபோது, திறந்துகிடந்த கம்ப்யூட்டர்முன் கையில் திருப்புளியோடு அவர் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் கைகட்டி நின்றிருந்தேன். இன்னா ஆச்சு என்று அவர்கள் கேட்டார்கள். நான் உதட்டைப் பிதுக்கி அவர் பக்கம் தலையைச் சாய்த்தேன்.

அந்த போர்டு அப்போதே சந்தையில் இல்லாமல் போயிருந்தது. புதுக் கம்ப்யூட்டரோடு பழைய கருவி பேசாது. கரும்பு நடவுக்கு முன் வந்த மண் பைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. திங்கட்கிழமைக் கூட்டம் விசாரணையாக மாறியது. தலைவர் அரிசி ஆலை வைத்திருந்தவர். அவரோடு இரண்டு உறுப்பினர்கள். விஷயம் தெரிந்தவன் என்று கேள்வி கேட்கும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள். அவரை நிற்கவைத்தே கேட்டோம்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கேள்வியை எப்படிப் போட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். இந்த பயாஸ் விஷயம் உனக்கு முழுதாகத் தெரியுமா என்று கேட்டேன். முழுதாகத் தெரியாது என்றார். மாற்றினால் கோளாறு தீரும் என்று உறுதியாகத் தெரியுமா. தெரியாது. கம்ப்யூட்டர் யார் பொறுப்பு. என் பொறுப்புதான். ஒவ்வொரு பதிலுக்கும் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அதைத் தலைவர் கேட்டார்.

"சரி, அந்த பட்டன அமுக்கினது யாரு?"

"தெரியாதுங்க."

"இன்னாடா தெரியாது?"

"நான் பாக்கலீங்க. அந்நேரம் நான் அங்க இல்ல. சப் ஸ்டேஷன் போயிருந்தேன்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். நிலையத்தில் இருந்தது இரண்டு பேர். இவர் இல்லையென்றால் மற்றவர் யார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் இவர் அதைச் சொல்லவில்லை. கண்ணால் காணாததைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. முதுகலை படித்த ஒருவன்மேல், தங்கள் ஆட்களில் ஒருவன்மேல், தலைவரும் அதை நினைக்க விரும்பவில்லை.

"வேல நேரத்துல யாரக் கேட்டு வெளிய போன?"

"சாருகிட்ட சொல்லிட்டுத்தாங்க போனேன். கரண்ட் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு ஒரு பேப்பர்லகூட எழுதி வெச்சிருந்தேன்."

"எங்க அந்தப் பேப்பரு?"

"காணோங்க. எங்க போச்சுன்னு தெரியல."

தலைவர் என்னைப் பார்த்தார். அவரும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. பதில் வரப்போகிறது என்று காத்திருக்கும் பார்வை. நான் அன்று அதே சட்டையைப் போட்டிருக்கவில்லை. ஆனால் தாளை இந்தச் சட்டைக்கு மாற்றி வைத்திருந்தேன். வீட்டில் விட்டால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம். அது என் மார்பில் மடிந்து கிடந்தது.

"இவன் சொல்லிட்டுப் போனதா எனக்கு ஞாபகம் இல்லை. பேப்பரைப்பத்தியும் எனக்குத் தெரியாது" என்றேன்.

அன்றே நீக்கினார்கள். 'கவனக்குறைவால் நிறுவனத்துக்கு இழப்பை ஏற்படுத்தியதன் பேரில் விடுவிக்கப்பட்டார்' என்ற வரியை நான்தான் எழுதிக்கொடுத்தேன். எனக்கு நல்ல தமிழ் வரும் என்று பெயர். தாளை அன்று வீட்டுக்குப் பின்னால் குப்பையோடு போட்டு எரித்தேன்.

அடுத்த வெட்டில் அவர் மனைவியோடு சேர்ந்து என் அண்ணன் தோட்டத்தில் கரும்பு வெட்டினார். ஒரு நாள் நான் வரப்பில் போகவேண்டியிருந்தது. பழக்கமில்லாத கையால் வெட்டியதில் இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "வாங்க சார்" என்றார். அவர் மனைவி நிமிரவில்லை. "இங்கயாச்சும் எதையும் ஒடைக்காம வேல செய்யச் சொல்லுங்க சார்" என்று தோட்டத்து மேஸ்திரி என்னிடம் சொல்லி அவரைக் கேலி செய்தான். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நான் ஓய்வுபெற்றேன். என் மகன் தலைவருடைய மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். நிலையம் இப்போது புதிய கட்டடத்தில் நடக்கிறது. அதை என் மகன்தான் பார்த்துக்கொள்கிறான்.

அவர் வெள்ளிமலையில் சாமை உமி நீக்கும் மில்லில் இருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்தது. என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு காலையில் பஸ் ஏறினேன். மில்லைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அவர் தலை, புருவம், சட்டை எங்கும் உமித்தூள். இருமிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு சாக்கை உதறி உட்காரச் சொன்னார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தது, நான்காவது வரியைத் தாண்டியது, தாளை மடித்தது, எரித்தது.

"அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிருக்குமே, நான்தான்னு" என்றேன். அந்த வயதிலும் நீ என்றுதான் வாயில் வந்தது.

"பாக்கலியே சார்" என்றார்.

பிறகு கைகளிலிருந்த உமித்தூளைத் தட்டினார். "அந்தப் பேப்பர்ல கரண்ட் கேக்கணும்னு எழுதியிருந்தனா?"

எழுதியிருந்தாய், நான்காவது வரி, அடியில் இரண்டு கோடு என்றேன்.

அவர் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "எழுதினனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். இத்தினி வருஷமா யோசிச்சிக்கினு கெடக்கறேன். எழுதலியோ, எழுதிட்டதா நானே நெனச்சிக்கறனோன்னு. வூட்லயும் நம்பல."

அவருக்கு நான் செய்த தீங்கு வேலை போனதுதான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில் ஒருபோதும் தடுமாறாத மனிதர் அவர். அதையும் கெடுத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்றேன். அதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். எம் பேரு போட்டு, உங்க பேரு போட்டு, கையெழுத்து வெச்சி. வேற ஒண்ணும் வாணாம். எம் பொண்ணுகிட்ட காட்டணும். எங்க அப்பாதான் அந்தக் கம்ப்யூட்டரக் கெடுத்துட்டாருன்னு சொல்லிக்கினு வளந்துச்சி."

இரண்டு நாளில் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அவர் மண் சீட்டைப்போல ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். இருவரும் போன் எண்ணையும் சொல்லிக்கொண்டோம். பஸ் வரும்வரை அவரும் என்னோடு சாலையில் நின்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். அவர் பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் போட்டு ஒரு பக்கம். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தபோது, கூடத்தில் மருமகள் தன் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்தத் தாள் ஒரு நாள் தலைவர் கைக்குப் போகும். என் மகன் கைக்குப் போகும். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். மறுபடி எழுதிக் கிழித்தேன்.

அவர் மூன்று முறை போன் செய்தார். முதல் முறை, உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றேன். இரண்டாம் முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை வீட்டு எண்ணை எப்படியோ கண்டுபிடித்து அதில் கூப்பிட்டார். மருமகள்தான் எடுத்தாள். "மாமா, யாரோ வெள்ளிமலையிலருந்து பேசறாங்க, ஒரு லெட்டர் விஷயமாம்" என்றாள். நான் வீட்டில் இல்லை என்று கையசைத்தேன். அவள் அப்படியே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

நடந்தது அத்தனையும் இதில் இருக்கிறது. அவர் பெயரும் என் பெயரும் மட்டும் இல்லை. அவர் கேட்டது அந்த இரண்டையும்தான்.